ஐயமும் அமைதியும்: தேம்பாவணி காட்டும் இல்லறம்

தமிழிலக்கியம் இல்லறத்தைப் போற்றி வளர்ந்த இலக்கியம். அகத்திணை மரபு களவிலே தொடங்கிக் கற்பிலே நிறைவுறுகின்றது. திருவள்ளுவர் துறவறத்திற்கு முன்னர் இல்லறத்தை வைத்தார். இல்வாழ்க்கைக்கு ஓர் அதிகாரமும், வாழ்க்கைத் துணைநலத்திற்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். எனினும், இல்லறத்தில் இடர் வந்துற்றபோது பொறுத்துக்கொள்ளும் கடமையைத் தமிழ்க் காப்பியங்களும் புராணங்களும் பெரும்பாலும் மனைவியின் தோளிலேயே ஏற்றிவைத்தன. கணவன் பிரிந்து சென்றான், கண்ணகி பொறுத்தாள். கணவன் கடிந்துரைத்தான்; சீதை தீப்புகுந்தாள். கணவன் நோயுற்றான், நளாயினி அவனைக் கூடையிலே சுமந்தாள். பொறுமைக்குப் பெண்ணைச் சான்றாகக் காட்டும் இவ்வரிசைக்கு எதிரே, மனைவியின் பொருட்டுத் தன் நெஞ்சத்தின் கொதிப்பை அடக்கிப் பொறுத்த கணவன் ஒருவனைக் காட்டும் காப்பியம் உண்டா?

உண்டு. அது வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணி. கிறித்தவ சமயக் காப்பியம் என்னும் ஒரு பெயரைச் சூட்டி, அதனைச் சமய நூல்களின் பேழைக்குள் வைத்துப் பூட்டிவிடுவோர் பலர். சொல்வளத்திற்கும் அணிநயத்திற்கும் அதனைப் பாராட்டுவோரும், அதன் கதைத் தலைவன் ஒரு கணவன் என்பதையும், அவனுடைய விசுவாசம் சோதிக்கப்படும் முதற்களம் அவனுடைய வீடே என்பதையும் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. கெடா மாநிலத் தோட்டங்களிலும் சுங்கைப் பட்டாணி முதலிய நகரங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் இல்லறச் சிக்கல்களை நாளும் காணும் ஆசிரியர்க்கும், அக்குடும்பங்களிலிருந்து பள்ளிக்கு வரும் மாணவர்க்கும் இக்காப்பியம் சொல்லத்தக்க செய்தி ஒன்று உள்ளது. அச்செய்தி யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலும் தலைவனும்

இத்தாலி நாட்டிலே 1680ஆம் ஆண்டு பிறந்து, இயேசு சபைத் துறவியாகி, 1710ஆம் ஆண்டு இந்தியா வந்தவர் வீரமாமுனிவர். சதுரகராதி தந்தவர்; எகர ஒகர எழுத்துகளின் வரிவடிவைச் சீர்திருத்தியவர் என்று எல்லா மாணவரும் அறிவர். அவர் 1726ஆம் ஆண்டு இயற்றி முடித்த தேம்பாவணி மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. தேன் போன்ற பாக்களாலாகிய அணி எனவும், தேம்பாத, அஃதாவது வாடாத, மாலை எனவும் அதன் பெயருக்கு இருவகையாகப் பொருள் கூறுவர்.

பெருங்காப்பியத்திற்குத் தன்னேரில்லாத் தலைவன் வேண்டும் என்பது அணிநூலார் வகுத்த விதி. அத்தலைவன் பெரும்பாலும் வேந்தனாக இருப்பான். வில்லோ வேலோ ஏந்துவான். தேம்பாவணியின் தலைவனோ உளியும் வாய்ச்சியும் ஏந்திய தச்சன். தாவீது மன்னனின் குலத்திலே பிறந்தும் கைத்தொழில் செய்து உயிர்வாழ்ந்த சூசை முனிவனுக்கு, வளர்ச்சி என்னும் பொருள்படும் எபிரேயப் பெயரைத் தழுவி, வளன் எனப் பெயர் சூட்டினார் முனிவர். இயேசுவை நேரே தலைவனாக வைக்காமல், அவரை வளர்த்த தந்தையை, மரியன்னையின் கணவனை, ஓர் உழைப்பாளியைத் தலைவனாக்கிய தேர்விலேயே நூலின் தனித்தன்மை தொடங்குகின்றது.

வளனைப் பற்றி நற்செய்தி நூல்கள் கூறுவன மிகச் சில. அவன் பேசியதாக ஒரு சொல்கூட அவற்றில் இல்லை. எசுப்பானிய நாட்டுக் கன்னித் துறவியாகிய ஆகிர்த மரியாள் பதினேழாம் நூற்றாண்டில் எழுதிய நூலைத் தழுவி, தமிழ்க் காப்பிய மரபுக்கு இயைய விரித்து, அப்பேசாத கணவனுக்கு ஒரு நெஞ்சத்தைப் படைத்துத் தந்தார் வீரமாமுனிவர்.

ஈரறமும் எழும் தடையும்

இங்கே ஒரு தடை எழும். திருமணப் படலத்தில் வளனின் கைக்கோல் பூத்து, அவனே மரியின் கணவன் எனக் காட்டப்படுகின்றான். அதனை அடுத்துவரும் படலத்தின் பெயர் ஈரறம் பொருத்து படலம். இல்லறம், துறவறம் ஆகிய இரண்டு அறங்களையும் பொருத்திக்கொண்டு, கன்னிமை விரதம் காக்கும் கணவன் மனைவியாக அவ்விருவரும் வாழ இசைகின்றனர். துறவி ஒருவர் பாடிய துறவுநிலைத் திருமணம் இது. மக்கட்பேறும், உடலுறவும், ஊடலும் கூடலும் கொண்ட பொதுமக்களின் இல்லறத்திற்கு இதில் என்ன பாடம் இருக்கமுடியும் என்று வினவுவோர் உளர். வினா நேர்மையானதே. விடையின்றி அதனைத் தள்ளிவிடல் ஆகாது.

இல்லறத்தை உடலுறவு ஒன்றனால் அளப்பது குறையுடைய அளவை. ஒரு கூரையின்கீழ் வாழ்தல், ஒருவர் உழைப்பில் மற்றவர் உண்ணுதல், ஒருவர் மானத்தை மற்றவர் காத்தல், குழந்தையை இருவரும் பேணுதல், நோயிலும் அகதி நிலையிலும் கைவிடாமை ஆகிய இவை அனைத்தும் சேர்ந்ததே இல்லறம். இவற்றுள் ஒன்றேனும் வளன், மரி ஆகியோரின் வாழ்வில் குறையவில்லை. அன்றியும், மணவாழ்வைச் சிதைக்கும் நோய்களுள் கொடியதாகிய ஐயம், உடலின்பத்தைத் துறந்த அவ்வீட்டிற்குள்ளும் புகுந்துவிடுகின்றது. துறவு நெறி நின்றார்க்கும் ஐயத்தினின்று காப்பு இல்லை என்று காட்டியதனாலேயே அவ்வீடு பொதுமக்களின் வீட்டுக்கு அண்மையில் வந்துவிடுகின்றது.

ஐயம் தோன்றிய வீடு

மரி கருவுற்றிருப்பது வளனுக்குத் தெரியவருகின்றது. கரு இறையருளால் உண்டானது என்பதை அவன் அறியான். மத்தேயு நற்செய்தியில் இந்நிகழ்ச்சி சில வரிகளில் முடிந்துவிடும். வீரமாமுனிவரோ ஐயம் தோற்று படலம், ஐயம் நீங்கு படலம் என இரண்டு படலங்களை இதற்கென்றே ஒதுக்கினார். காப்பியப் புலவன் எங்கே நிற்கின்றான், எதனை விரைந்து கடக்கின்றான் என்பதைக் கொண்டே அவன் உள்ளக்கிடக்கையை உணரவேண்டும். அற்புதத்தைப் பாடுதற்குத் தாம் காட்டிய ஆர்வத்தை, அற்புதம் விளங்காமல் தவித்த ஒரு மனிதனின் நெஞ்சைப் பாடுதற்கும் முனிவர் காட்டியுள்ளார்.

வளனின் நிலையை எண்ணுக. கண் கண்டதை அவனால் மறுக்க இயலவில்லை. மனைவியின் ஒழுக்கத்தையும் அவனால் மறுக்க இயலவில்லை. இரண்டும் உண்மை, இரண்டும் ஒன்றையொன்று தாக்குவன. சினத்தின் வழியிற் சென்றிருப்பின் அவனுக்கு அமைதி எளிதிற் கிடைத்திருக்கும். ஏனெனில், சினம் இரண்டில் ஒன்றை அழித்துவிடும். அவன் அந்த எளிய வழியை நாடவில்லை. இரண்டு உண்மைகளையும் நெஞ்சிலே தாங்கிக்கொண்டு தானே எரிகின்றான்.

மோசேயின் சட்டமோ கடுமையானது. நெறி தவறிய பெண்ணைக் கல்லால் எறிந்து கொல்லுதற்கு அச்சட்டத்தில் இடமுண்டு. ஆகவே, வளன் ஊரார் முன் சொல்லும் ஒரு சொல், அச்சொல் உண்மையாயினும் பொய்யாயினும், அவள்மேல் வீழும் முதற் கல்லாகும். இதனை உணர்ந்த அவன் ஊரைக் கூட்டவில்லை, உறவினரை அழைக்கவில்லை, அவளை வைது வருத்தவுமில்லை. மறைவாகப் பிரிந்துவிடுவதே தக்கதெனத் துணிகின்றான். பழி வருவதாயின் அது தன்மேல் வரட்டும் என்பது அத்துணிவின் உட்பொருள்.

வளனை முனிவர் ஐயமே அறியாத கல்லாக்கவில்லை. ஐயம் கொள்ளுதலைப் பாவமென்றும் கூறவில்லை. ஐயத்தின்கீழ் ஒருவன் எவ்வாறு நடந்துகொள்கின்றான் என்பதிலேதான் அறம் உள்ளது என்று காட்டுகின்றார். இது நுட்பமான வேறுபாடு. ஐயம் தானாக வரும். அதனைத் தடுக்க எவராலும் இயலாது. ஐயம் வந்தபின் நாவை அவிழ்ப்பதும் அடக்குவதும், கையை ஓங்குவதும் தாழ்த்துவதும் மனிதனின் விருப்பத்திற்கு உட்பட்டவை.

பின்னர்க் கனவிலே வானவன் தோன்றி மெய்ம்மையை உரைக்கின்றான். ஐயம் நீங்குகின்றது. மெய்யறிந்த வளன், தான் வென்றதாக மகிழவில்லை. ஐயுற்றமைக்கு வருந்தி மனைவியின் மாட்சியைப் போற்றுகின்றான். கணவன் மனைவியிடம் தாழ்ந்து நிற்கும் காட்சியைக் காப்பியப் பெருமைக்கு இழுக்கெனக் கருதாது, அதனையே பெருமையாகக் காட்டிய துணிவு பாராட்டத்தக்கது.

ஒப்பு நோக்கு

இதன் அருமை ஒப்புநோக்கினாலன்றி விளங்காது. சிலப்பதிகாரத்தில் கோவலன் ஐயுற்றது கண்ணகியை அன்று, மாதவியை. கடற்கரையிலே யாழிசையோடு அவள் பாடிய கானல்வரியைக் கேட்டு, அவள் நெஞ்சம் வேறொருவனை நாடியதெனக் கருதினான். கேட்டுத் தெளிய ஒரு நொடி போதும். அவன் கேட்கவில்லை, எழுந்து போய்விட்டான். அந்த நொடியின் விலையை மதுரை மாநகர் கொடுத்தது.

கம்பநாடன் காட்டும் இராமன் போர் முடிந்த பின்னர்ச் சீதையை நோக்கிக் கூறும் சொற்கள் அம்பினும் கொடியன. உலகத்தார் முன் அவளது தூய்மையை நிறுவவே அவன் அவ்வாறு பேசினான் என்று அமைதி கூறுவர். அவ்வமைதியை ஏற்றுக்கொண்டாலும், உலகத்தார்க்காக மனைவியின் நெஞ்சம் புண்படுத்தப்பட்டது என்பது மறையாது. கௌதம முனிவனோ சாபமிட்டான், அகலிகை கல்லானாள்.

தோட்டந்தோறும் கோயில் கொண்டிருக்கும் மாரியம்மனைப் பற்றி வழங்கும் நாட்டார் கதைகளுள் ஒன்று, கணவனது ஐயத்தினால் தலையிழந்த இரேணுகையின் கதை. இங்கே எண்ணத்தக்கது ஒன்றுண்டு. ஐயத்துக்கு ஆளாகி அழிந்த பெண்ணை மக்கள் மறந்துவிடவில்லை. அவளையே தெய்வமாக்கிக் கும்பிட்டனர். கண்ணகிக்கும் அவ்வாறே கோட்டம் எழுந்தது. காப்பியத் தலைவர்கள் செய்த தவற்றுக்குப் பொதுமக்களின் உள்ளம் வழங்கிய தீர்ப்பு அது எனலாம்.

இவ்வொப்பீடு சமயங்களைத் தராசில் ஏற்றி உயர்வு தாழ்வு காண்பதற்கன்று. கோவலனின் பிழையை இளங்கோவடிகளே மறைக்கவில்லை. சீதையின் துயரைக் கம்பனைப்போல் உருகிப் பாடியவர் எவர்? ஐயம், சொல், தண்டனை என்று ஓடிய பழைய தடத்தில், ஐயம், மௌனம், தெளிவு என்று வேறொரு வழியும் உண்டெனத் தேம்பாவணி காட்டிற்று என்பதே கருத்து. தமிழ் வாசகனுக்கு அஃது ஒரு புதிய செல்வம்.

வேறு இரு கிறித்தவ நூல்கள்

கிறித்தவத் தமிழிலக்கியத்திலும் இல்லறத்தை இவ்வாறு மையமாக்கிய நூல்கள் அரியவை. எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894ஆம் ஆண்டு வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம் ஆங்கிலப் புலவர் சான் பனியனின் நூலைத் தழுவியது. அதன் யாத்திரிகன் அழிவின் நகரத்தை விட்டு ஓடுகின்றான். உடன்வர மறுத்த மனைவி மக்களை விட்டே ஓடுகின்றான். ஆன்மா தனித்து நடக்கவேண்டிய பாதை என்ற அளவில் அது பெருங்காப்பியம், பக்திச்சுவையில் ஈடிணையற்றது. எனினும் விசுவாசத்தின் பாதை அங்கே வீட்டு வாயிலைத் தாண்டிய பின்னரே தொடங்குகின்றது. பனியனே 1684ஆம் ஆண்டு இரண்டாம் பகுதி ஒன்றெழுதி, மனைவியையும் மக்களையும் அவ்வழியே நடத்திச் செல்ல நேர்ந்தது.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். 1879ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய பிரதாப முதலியார் சரித்திரத்தில் பிரதாபனும் ஞானாம்பாளும் பிரிவால் வாடுகின்றனர். கணவன் சிறைப்படுகின்றான், மனைவி ஆணுடை தரித்து அரசாட்சி ஏற்று அவனை மீட்கின்றாள். பெண்ணின் அறிவுக்கும் துணிவுக்கும் மகுடம் சூட்டிய நூல் அது. ஆயின் அங்கே இடர்கள் வெளியிலிருந்து வருகின்றன. கணவன் மனைவியரின் நெஞ்சுகளுக்கிடையே பிளவு வருவதில்லை. யாத்திரிகத்தில் விசுவாசம் வீட்டை விட்டுச் செல்கின்றது. சரித்திரத்தில் வெளியிடர்களை வென்று வீடு திரும்புகின்றது. தேம்பாவணியிலோ வீட்டினுள்ளேயே நின்று, அங்கேயே எரிந்து, அங்கேயே ஒளி பெறுகின்றது.

நூலின் குறைகள்

திறனாய்வு என்பது புகழ்மாலை அன்று. தேம்பாவணியின் இல்லறச் சித்திரத்தில் இரண்டு குறைகள் கண்ணுக்குப் புலனாகின்றன.

முதலாவது, மரியின் உள்ளம். வளனின் நெஞ்சப் போராட்டத்தை விரித்துரைக்கும் முனிவர், அதே இரவுகளில் மரியின் நெஞ்சில் என்ன நிகழ்ந்தது என்பதை அவ்வளவு மனித இயல்போடு காட்டவில்லை. அவளும் ஓர் இளம்பெண். கணவனின் முகவாட்டத்தைக் கண்டும், மறைபொருளைத் தானே வெளியிடலாகாதெனக் கடவுளிடம் ஒப்படைத்துக் காத்திருப்பது எளிய செயலா? ஐயுற்றவனின் துன்பம் பேசப்பட்டது. ஐயத்துக்கு ஆளானவளின் துன்பம் அவள் தூய்மையின் பேரொளியில் மறைந்துபோயிற்று. தெய்வத்தன்மை மிகுதியும் ஏற்றப்பட்ட பாத்திரத்திற்கு மனிதக் குரல் குறைந்துவிடும் என்பதற்கு இதுவே சான்று.

இரண்டாவது, வறுமை. தச்சனின் வீட்டில் கூலியும் பற்றாக்குறையும் உண்டு. வேற்றூரிலே தங்க இடமின்றி அலைந்ததும், குழந்தையைக் காக்க இரவோடிரவாக எகிப்துக்கு ஓடியதும் நெஞ்சை உருக்கும் நிகழ்ச்சிகள். ஆயினும், பெத்லகேமுக்கும் எகிப்துக்கும் செல்லும் வழியெல்லாம் வானவர் சூழ்ந்து வருவதும், கிளைக்கதைகள் பல இடைமிடைந்து வருவதும், வருணனைகள் பூத்துக் குலுங்குவதும் அவ்வறுமையின் கூர்மையை மழுக்கிவிடுகின்றன. காப்பிய மரபு கேட்ட விலை இது. மாணவர் நூலைக் கற்கும்போது அணிகலன்களை நீக்கி அடியில் இருக்கும் குடும்பத்தைக் காணப் பழகவேண்டும்.

கடாரத்து மண்ணில்

அவ்வாறு நீக்கிக் காணுங்கால், அக்குடும்பம் மலாயா மண்ணுக்கு அயலான குடும்பமன்று. குழந்தையைச் சுமந்து வேற்று நாட்டுக்குச் சென்று, மொழி தெரியா ஊரில் கைத்தொழிலால் பிழைத்த குடும்பம் அது. ரஜூலா முதலிய கப்பல்களில் பினாங்குத் துறையில் வந்திறங்கி, கெடாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்ட தமிழரின் வரலாறும் அத்தகையதே.

தோட்டத்து இல்லறத்தை எண்ணிப் பார்ப்போர்க்கு அதன் இடர்கள் தெரியும். விடியுமுன் பெரட்டுக்களத்தில் கணவனும் மனைவியும் நிற்கவேண்டும். குழந்தை ஆயாக்கொட்டகையில் அழும். நிரையில் அவளும் பால்வெட்டுவாள்; திரும்பி வந்தபின் அடுப்பும் அவளுடையதே. மாலையில் கள்ளுக்கடை கூலியின் ஒரு பங்கை விழுங்கும். லயத்து வீடுகளுக்கிடையே மெல்லிய பலகைச் சுவரே தடுப்பு. ஒரு வீட்டில் எழும் ஐயச்சொல் விடியுமுன் லயம் முழுவதும் பரவிவிடும். அங்கே ஒரு கணவன் தன் நாவை அடக்குவது ஒரு பெண்ணின் வாழ்வைக் காப்பதாகும். வளனின் மௌனத்தின் பொருளை அந்த லயமே நன்கு விளக்கும்.

வரலாறும் அக்குடும்பங்களைப் பிரித்தது. சப்பானியர் ஆட்சியில், 1942, 1943 ஆகிய ஆண்டுகளில், 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம், பர்மா இரயில் பாதை அமைக்க மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். மீளாதோர் எண்ணற்றோர். கணவன் உயிரோடுள்ளானா இல்லையா என்பதே அறியாது காத்திருந்த பெண்கள் பலர். 1969ஆம் ஆண்டுக்குப் பின் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டுமென விதிக்கப்பட்டபோது, மீண்டும் குடும்பங்கள் பிளவுண்டன. பலர் தமிழகம் திரும்பினர். பின்னர்த் தோட்டங்கள் சுருங்க, மக்கள் சுங்கைப் பட்டாணி நகரத்திற்குப் பெயர்ந்தனர். பக்கார் ஆராங் போன்ற தொழிற்பேட்டைகளின் ஆலைகளில் கணவன் இரவு முறையிலும் மனைவி பகல் முறையிலும் பணிசெய்ய, இருவரும் முகம் பார்த்துப் பேசும் பொழுதே அருகிற்று.

மலேசியத் தமிழருள் கிறித்தவர் சிறுபான்மையினரே. எனினும் கத்தோலிக்கரும் மெதடிஸ்டுகளும் லுத்தரன் சபையினரும் தமிழிலேயே வழிபட்டு, தமிழிலேயே திருமண வாக்குறுதி அளித்து வந்துள்ளனர். சுங்கைப் பட்டாணியில் கிறிஸ்து அரசர் ஆலயம் உண்டு. தெற்கே புக்கிட் மெர்த்தாஜாமில் மரியின் தாயாகிய புனித அன்னம்மாளின் திருத்தலம் உண்டு. சூலை 26ஆம் நாளை ஒட்டிய அதன் திருவிழாவில் சமய வேறுபாடின்றித் தமிழர் பலர் மெழுகுதிரி ஏந்துவர். இம்மக்களுக்குச் சூசையப்பர் புதியவர் அல்லர். 1955ஆம் ஆண்டு பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக அறிவித்தார். உழைப்பாளி என்ற வகையில் அவரை அறிந்த மக்கள், கணவன் என்ற வகையிலும் அறியவேண்டும்.

பொறுமையின் எல்லை

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. விசுவாசத்தின் பெயரால் பொறுத்துக்கொள் என்னும் அறிவுரை, அடிபடும் மனைவிக்கே எப்போதும் வழங்கப்படுகின்றது. சிலுவையைச் சுமக்கவேண்டும் என்பர், விதி என்பர், பிள்ளைகளுக்காக என்பர். தேம்பாவணியைச் சான்றுகாட்டி அவ்வாறு போதிப்போர் நூலைத் தலைகீழாகப் பிடித்திருக்கின்றனர். அக்காப்பியத்தில் பொறுப்பவன் வலிமையுடையவன். சட்டமும் சமூகமும் தன் பக்கம் இருந்தும் அவற்றைப் பயன்படுத்த மறுத்தவன். வலியோன் தன் வலிமையை அடக்குவதே பொறுமை. எளியோர் வேறு வழியின்றி அடங்குவதற்கு அப்பெயர் பொருந்தாது. பவுலடியார் எபேசியருக்கு எழுதிய திருமுகத்திலும், மனைவிக்காகத் தன்னையே கையளிக்கும் அன்பைக் கணவனிடமே கேட்கின்றார் என்பதை மறத்தலாகாது.

நாட்டின் சட்டமும் காலத்திற்கேற்ப வளர்ந்துள்ளது. முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களை முறைப்படுத்த 1976ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்து, ஒருவனுக்கு ஒருத்தி என்னும் நெறியைச் சட்டநெறியாக்கிற்று. சில நிலைகள் நீங்கலாக, மணமுறிவு கோருவோர் முதலில் இணக்கம் காண முயலவேண்டும் என்றும் அது விதிக்கின்றது. 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் தாக்கப்படுவோர்க்குக் காப்பளிக்கின்றது. சட்டம் கையைத் தடுக்கலாம். சொல்லைத் தடுத்து நெஞ்சைத் திருத்தும் வேலை அறத்திற்கும் விசுவாசத்திற்கும் இலக்கியத்திற்கும் உரியது.

நோயும் நம்பிக்கையும்

கிறித்தவத் தமிழ் விசுவாசம் என்னும் சொல்லையும் நம்பிக்கை என்னும் சொல்லையும் வேறுபடுத்தி வழங்குகின்றது. காணாததை மெய்யென ஏற்பது விசுவாசம். வாராததை வரும் என எதிர்நோக்கி நிற்பது நம்பிக்கை. ஐயத்தின் படலங்கள் விசுவாசத்தின் சோதனை என்றால், நூலின் இறுதிப் பகுதியிலுள்ள பிணி தோற்று படலம் நம்பிக்கையின் சோதனை.

உழைத்து உழைத்து உடல் தேய்ந்த வளன் நோயில் வீழ்கின்றான். உளி பிடித்த கை ஓய்ந்துவிட்டது. மனைவியைக் காத்தவன் மனைவியால் காக்கப்படும் நிலையை அடைகின்றான். தச்சனின் வீட்டில் பெற்ற அற்புதங்கள் எவையும் அவனை நோயினின்று விலக்கவில்லை. இறைமகனே வீட்டில் இருந்தும் நோய் வந்தது, சாவும் வந்தது. விசுவாசம் உள்ள வீட்டில் துன்பம் வாராது என்னும் மலிவான வாக்குறுதியை வீரமாமுனிவர் எங்கும் அளிக்கவில்லை. துன்பம் வந்த நாளில் அவன் தனியனாக இல்லை என்பதையே அவர் காட்டுகின்றார். மனைவியும் மகனும் அருகிருக்க அவன் உயிர் பிரிகின்றது. ஆதலாலன்றோ கத்தோலிக்கர் அவரை நன்மரணத்தின் பாதுகாவலராகப் போற்றுகின்றனர். முடிசூட்டு படலத்தில் விண்ணுலகில் அவனுக்கு முடி சூட்டப்படுகின்றது. நாடாண்ட வேந்தனுக்கன்று, வீடாண்ட தச்சனுக்கு முடிசூட்டி முடிகின்றது அந்நூல்.

நிறைவுரை

கத்தோலிக்கத் துறவியாகிய தனிநாயகம் அடிகள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரிலே முதல் உலகத் தமிழ் மாநாடு கூடிற்று. கிறித்தவர் தமிழுக்கு ஆற்றிய தொண்டு என்னும் தலைப்பில் அகராதியையும் அச்சையும் உரைநடையையும் எண்ணிச் சொல்லும் வழக்கம் நன்றே. அவ்வெண்ணிக்கையில் இன்னும் ஒன்று சேர்க்கப்படவேண்டும். ஐயத்தின் நடுவே மனைவியின் மானத்தைக் காத்த கணவன் ஒருவனைத் தமிழ்க் காப்பிய உலகிற்குத் தந்ததும் அத்தொண்டின் பகுதியே.

வகுப்பறையில் தேம்பாவணியின் நாட்டுப் படலத்தையும் நகரப் படலத்தையும் மட்டும் எடுத்துக்காட்டி, வருணனை நயம் பாராட்டி முடித்துவிடுதல் போதாது. ஐயம் தோற்று படலத்தையும் ஐயம் நீங்கு படலத்தையும் கானல்வரியோடும் மீட்சிப் படலத்தோடும் அருகருகே வைத்து மாணவர் கற்கவேண்டும். கோவலன் ஒரு வினாக் கேட்டிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும், வளன் ஒரு சொல் சொல்லியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். எச்சமயத்தைச் சார்ந்த மாணவராயினும் நாளை அவர் ஒரு வீட்டின் தலைவராகவோ தலைவியாகவோ ஆகப்போகிறவர். ஐயம் அவர்களுடைய வாயிலையும் ஒருநாள் தட்டும். அந்நாளில், சொல்லக்கூடிய கொடுஞ்சொல்லைச் சொல்லாது நின்ற அத்தச்சன் அவர்கள் நினைவுக்கு வருவானாயின், அப்பாடம் கற்பித்த ஆசிரியரின் உழைப்பு வீண்போகவில்லை என்பது உறுதி.